வீடியோ கேம் கடையில ஒரு சித்தேரி டிக்கெட்

போன மாசம் என் மச்சானுக்குத் துணையா சேலத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவருக்கு முட்டி வலி. அவர உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க, என்னை வராண்டாவுல ஒக்கார வச்சிட்டாங்க. எனக்கு ஒரு எடத்துல ஒக்காரத் தெரியாது. எழுந்து நடந்தேன், செவுத்துல இருந்த போர்டெல்லாம் படிச்சேன், கர்ப்பிணிகள் என்ன சாப்புடணும்னு மனப்பாடம் ஆயிருச்சி. அப்புறம் ஒரு கண்ணாடிக் கதவு வழியா எட்டிப் பாத்தேன். உள்ள ஒருத்தர் கண்ண மறைச்சி ஒரு கருப்புப் பெட்டிய மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஒண்ணுமே இல்லாத எடத்துல எதையோ தாண்டறாரு, திடீர்னு குனியறாரு, ஒரு பக்கமா சாயறாரு.

வெளிய வந்த நர்ஸ் பொண்ணுகிட்ட, "அவருக்கு என்னம்மா?"ன்னு கேட்டேன்.

"பேலன்ஸ் இல்லைங்க சார். நேரா நிக்க வராது. இது ஒரு கேம். அந்தப் பெட்டிக்குள்ள ரோடு, படகு எல்லாம் தெரியும். வெளயாட வெளயாட சரியாவும்."

"நான் இத எம்பதுகள்லயே தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல பண்ணிட்டேம்மா"ன்னேன்.

அந்தப் பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "சார், நீங்க மனநலத்துக்கு வந்தீங்களா? அது ரெண்டாவது மாடி"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சி.

அது நம்பாததுல தப்பில்ல. நானே வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

அப்போ நான் ஒரு தனியார் பஸ்ல கண்டக்டர். தர்மபுரியில கெளம்பி, அரூர் வழியா, சித்தேரி மல மேல போற வண்டி. மல வண்டி கண்டக்டருக்குன்னு ஒரு கெத்து உண்டு. அவன் மேல இருக்கற கம்பியப் புடிக்க மாட்டான். ஒரு கையில டிக்கெட் கட்டு, இன்னொரு கையில சில்லற. மூணாவது கைய ஆண்டவர் குடுக்கல. அதனால இடுப்ப ஒரு சீட்டு முதுகுல சாத்தி, காலக் கொஞ்சம் அகட்டி, வளைவு வர்றதுக்கு முன்னாடியே ஒடம்ப எதிர்ப்பக்கம் சாச்சிருவோம். கம்பியப் புடிச்சிக்கிட்டு டிக்கெட் கிழிக்கிறவன எங்களுக்குள்ள 'பாசஞ்சர்'னு கூப்புடுவோம். எங்க தொழில்ல அதவிடக் கேவலமான திட்டு கெடையாது.

ஒரு மாசி மாசம் எனக்குக் காச்சல் வந்துச்சி. சாதாரணக் காச்சல்தான், வந்துச்சி, போச்சி. போற அன்னிக்கிக் காலையில கண்ணத் தொறந்தா, வூட்டுக் கூரை சுத்துது. ஓட்டு வில்லையெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா ஊர்வலம் போவுது. நான் பாய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கறேன். என் வூட்டுக்காரி காப்பி டம்ளரோட வந்து நின்னுச்சி.

"படுத்துக்கிட்டே எங்கீங்க போறீங்க?"

"தெரியல. புடிச்சிக்க."

அதுக்கப்புறம் எழுந்தா தள்ளாடுவேன், திரும்புனா சாஞ்சிருவேன். எங்க வூடு நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஊரு, ஊரு முழுக்க சொந்தக்காரங்க. கண்டக்டர் ஒருத்தன் பட்டப்பகல்ல தெருவுல அளந்து அளந்து நடந்தா ஊரு என்ன நெனைக்கும்? என்னைப் பாக்க வந்தவங்க எல்லாம் பாசமா மொகத்துக்கிட்ட வந்து விசாரிச்சாங்க. எனக்கு நாலஞ்சு பேரு விசாரிச்சதுக்கு அப்புறந்தான் புரிஞ்சிது, இவங்க நலம் விசாரிக்கல, வாய மோந்து பாக்கறாங்கன்னு. மாதா கோயில்ல ஞாயித்துக்கிழமப் பூசையில எல்லாரும் முழங்கால் போட்டு எழுந்து நின்னப்ப, நான் மட்டும் முன்னால நின்ன பெரியவரு மேல போய் விழுந்தேன். அவரு திரும்பி மெதுவா, "கோயிலுக்கு வர்ற அன்னிக்காவது வேணாம்பா"ன்னாரு.

தர்மபுரியில காது பாக்கற ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. தலய இப்பிடிப் புடிச்சி அப்பிடித் திருப்பி, கண்ணு எப்படி ஓடுதுன்னு பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "மேஸ்திரி செவுரு கட்டறப்ப ரசமட்டம் வச்சிப் பாப்பாரு பாத்திருக்கீங்களா? அந்த மாதிரி ஒண்ணு காதுக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கு. உங்களுக்குக் காச்சல்ல ஒரு பக்கம் கெட்டுப் போச்சி. ஒண்ணு நேருன்னு சொல்லுது, இன்னொண்ணு கோணன்னு சொல்லுது. மூளை எதத்தான் நம்பும்?"

"மாத்திர இருக்குங்களா?"

"மாத்திர வாந்திய நிறுத்தும். பேலன்ஸ மூளைதான் திரும்பக் கத்துக்கணும். தல சுத்தும்னு பயந்து படுத்தே கெடந்தீங்கன்னா கத்துக்காது. எது தல சுத்த வைக்குதோ அதத் தேடிப் போங்க. கொஞ்சம் கொஞ்சமா, கீழ விழாத மாதிரி."

"தேடிப் போறதுங்களா? நான் அதுகிட்ட இருந்து தப்பிச்சித்தாங்க இங்க வந்தேன்."

டாக்டரம்மா சிரிக்கல. கண்ண மேல கீழ ஓட்டணும், தலய ஆட்டணும், ஒக்காந்து எழுந்திரிக்கணும், குனிஞ்சி நிமிரணும், பந்த ஒரு கையிலருந்து இன்னொரு கைக்குப் போடணும்னு வரிசையா செஞ்சி காட்டுனாங்க. இத வூட்டுல வந்து சொன்னா, என் வூட்டுக்காரி, "பந்து தவிர மீதி எல்லாம் பூசையிலயே இருக்கே. தெனம் காலப்பூசைக்கு வாங்க"ன்னுச்சி.

நடுவுல முதலாளி கூப்புட்டு அனுப்புனாரு. நல்ல மனுசன், ஆனா வண்டி நிக்கக் கூடாது இல்லையா. எனக்குப் பதிலா ஒரு பையன் தற்காலிகமா கண்டக்டரா போயிட்டிருந்தான். முதலாளி என்னைப் பக்கத்துல ஒக்கார வச்சி, அவரும் மத்தவங்க மாதிரியே கிட்ட வந்து மோந்து பாத்துட்டு, சொன்னாரு: "சித்திர பொறக்கற வரைக்கும் பாப்பேன். அன்னிக்கி நானே வண்டியில வருவேன். மல ஏறி எறங்கிக் காட்டு. முடியலன்னா வண்டிய அந்தப் பையனுக்கே குடுத்தர்றேன். நீ பஸ் ஸ்டாண்டுலயே நின்னு ஆள் கூப்புடு. ஒன்ன விட்டுட மாட்டேன்."

ஆள் கூப்புடறதுன்னா, நாள் பூரா ஒரு கம்பத்துக்கிட்ட நின்னுக்கிட்டு, "அரூரு, சித்தேரி, அரூரு, சித்தேரி"ன்னு கத்தறது. நான் கத்தற ஊருக்கெல்லாம் அடுத்தவன் போவான். நான் கம்பத்துக்கிட்டயே இருப்பேன். அத நெனச்சாலே எனக்குக் காலு ரெண்டும் அரிக்கும். அன்னிக்கி ராத்திரி தூக்கமில்ல, மறுநாள் சோறு எறங்கல. பந்தத் தூக்கிப் போட்டுட்டுப் பஸ் ஸ்டாண்டப் பாத்து நடக்க ஆரம்பிச்சேன், எதுக்குன்னு எனக்கே தெரியாது. வூட்டுல இருக்க முடியல, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சந்துல புதுசா ஒரு கடை. வாசல்ல கருப்புத் திரை. உள்ள இருந்து கொய்ங் கொய்ங்னு சத்தம். பெங்களூர்ல இருந்து ஒரு ஆளு வீடியோ கேம் மிஷினெல்லாம் கொண்டாந்து போட்டிருந்தாரு. அதுல ஒண்ணுக்கு ஸ்டேரிங் வச்சிருந்துச்சி. முன்னால ஸ்டூல். டிவியில ஒரு ரோடு உங்களப் பாத்து ஓடி வரும், ரெண்டு பக்கமும் மரம் ஓடி வரும், வளைவு வந்தா மொத்த உலகமும் ஒரு பக்கமா இழுத்துக்கும். ஒக்காந்து ஒரு வளைவு திரும்புனேன். குடல் வாய்க்கு வந்துருச்சி. திரையப் புடிச்சிக்கிட்டு வெளிய ஓடி, சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன்.

வாயத் தொடைச்சிட்டு அப்படியே நின்னு யோசிச்சேன். மல ரோடு என்ன பண்ணுமோ அதையே இந்த டிவி பண்ணுது. ஆனா இதுல உருண்டு விழப் பள்ளம் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா, கீழ விழாத மாதிரி. டாக்டரம்மா சொன்னது இதத்தானே. தர்மபுரியில அன்னிக்கி சந்தோசமா வாந்தி எடுத்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

தெனம் போக ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரம் ஓட்டுவேன், சுத்துச்சின்னா கண்ண மூடிட்டு ஸ்டேரிங்கு மேல படுத்துக்குவேன், திருப்பியும் ஓட்டுவேன். கடைக்காரர் கன்னடக்காரர், மரியாதையான ஆளு, ரொம்பப் பொறுத்துப் பாத்தாரு. ஒரு நாள் என் காலடியில ஒரு பிளாஸ்டிக் வாளியக் கொண்டாந்து வச்சிட்டு, "சார், நிம்மிந்த கிராக்கியே பரல்ல"ன்னாரு. என்னால கிராக்கியே வர மாட்டேங்குதாம். நானும் கிராக்கிதானுங்களேன்னேன். "நீங்க கிராக்கி இல்ல சார், பேஷண்ட்டு"ன்னாரு.

ஊருக்குச் சேதி போவாம இருக்குமா? 'ஒங்க வூட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டு சந்துல திரை போட்ட ரூமுக்குள்ள போறாரு, வர்றப்ப செவுத்தப் புடிச்சிக்கிட்டு வர்றாரு'ன்னு யாரோ சொல்லிட்டாங்க. மறுநாள் நான் வளைவுல திரும்பிட்டிருக்கறப்ப திரை வெலகுச்சி. வெளிச்சத்துல என் வூட்டுக்காரி. இடுப்புல முந்தானையச் சொருகிக்கிட்டு வந்திருந்துச்சி. பாட்டிலத் தேடுச்சி. சீட்டாட்டத்தத் தேடுச்சி. இருந்தது நான், ஸ்டேரிங்கு, வாளி.

"என்னங்க இது?"

"வண்டி ஓட்டறேன்."

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகல."

"அப்பறம் எதுக்கு இவ்வளவு வேகம்?"

பதில் சொல்லத் திரும்புனேன். காரு ஒரு மரத்துல மோதி வெடிச்சிருச்சி. என் வூட்டுக்காரி அத ஒரு நிமிசம் பாத்துட்டு, கடைக்காரர்கிட்ட, "அண்ணே, இவருக்கு லைசென்ஸே கெடையாது"ன்னுச்சி.

நெசமாவே சரியாயிட்டு வந்துச்சி. வாளி தேவப்படல. அந்த ரோட்டோட எந்த வளைவும் என்னை ஒண்ணும் பண்ணல. திமிரு வந்துருச்சி. எங்க வண்டி டிரைவர் அண்ணன் வயசானவரு, அதிகம் பேச மாட்டாரு. அவர்கிட்டப் போயி, "அண்ணே, நான் ரெடி"ன்னேன். அவரு என்னை ஒரு தடவ சுத்தி வந்து பாத்தாரு, லாரி டயரப் பாக்கற மாதிரி. "முதலாளி வர்றதுக்கு முன்னாடி ஒரு சிங்கிள், ஒரே ஒரு நடை, வந்து பாரு. டிக்கெட் பையை அந்தப் பையன்கிட்ட இருந்து வாங்கிக்கோ"ன்னாரு.

அரூர் வரைக்கும் ராஜா மாதிரி போனேன். மல அடிவாரம் தாண்டுச்சி, முன்னால டிரைவர் பக்கத்துல நின்னு ரோட்டப் பாத்தேன், ஒண்ணும் ஆவல. மொத வளைவு, ரெண்டாவது வளைவு. சிரிப்பா வந்துச்சி. சரின்னு டிக்கெட் போடப் பின்பக்கமாத் திரும்புனேன்.

அங்கதான் மாட்டுனேன். கடையில ரோடு என்னைப் பாத்து வந்துச்சி. இங்க என் முதுகுப் பக்கம் ரோடு, எனக்கு முன்னால அம்பது மொகம், எல்லாம் ஒண்ணா ஒரு பக்கம் சாயுது. கடையில கையில ஸ்டேரிங்கு இருந்துச்சி, இங்க டிக்கெட் கட்டு. அங்க ஒக்காந்திருந்தேன், இங்க நிக்கிறேன். இத்தன நாளா பாடுபட்டு, ஒரு டிரைவரோட கண்ணத் தயார் பண்ணி எடுத்துக்கிட்டுக் கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கேன். வண்டி வளைஞ்சிது. நான் ஒரு புளி மூட்ட மேல விழுந்தேன். மூட்ட ஒரு சித்தேரி அம்மாவோட மடியில இருந்துச்சி.

அந்தம்மா பதறல. மல வண்டியில கீழ்நாட்டு ஆளுங்க வாந்தி எடுக்கறதும் விழறதும் அவங்களுக்குத் தெனப்படிக் காட்சி. சுருக்குப் பையில இருந்து ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்து என் மூக்குல வச்சி, "மோந்துக்கப்பா. மல வண்டிக்குப் புதுசா?"ன்னு கேட்டுச்சி.

எனக்கு 'பாசஞ்சர்'ங்கற திட்டே தேவலன்னு ஆயிருச்சி. மீதி டிக்கெட்ட அந்தப் பையன்தான் போட்டான், ஒரு கையால கம்பியப் புடிச்சிக்கிட்டு. டிரைவர் அண்ணன் கண்ணாடியில பாத்தாரு. சித்திரைக்கு அதிக நாளில்ல.

டாக்டரம்மாகிட்டப் போயி எல்லாத்தையும் சொன்னேன். வீடியோ கேம் கதையையும் சொன்னேன். அன்னிக்கிதான் அவங்க மொத தடவ சிரிச்சாங்க. சிரிச்சி முடிச்சிட்டு, "நல்ல வேலதான் பண்ணியிருக்கீங்க. ஆனா பாதி வேல. பஸ்ஸுல எப்படி நிப்பீங்களோ அப்படியே அங்க நில்லுங்க. டிவி பக்கவாட்டுல ஓடணும், ஜன்னல் மாதிரி. நீங்க கையப் பாக்கணும், ஆளு மொகத்தப் பாக்கணும், மறுபடி கையப் பாக்கணும். தரையில நிக்காதீங்க, மெத்துன்னு ஒரு தலகாணி மேல நில்லுங்க. பக்கத்துல புடிக்க ஆள் இருக்கணும்"ன்னாங்க.

புடிக்கற ஆளா என் வூட்டுக்காரி வந்துச்சி. வூட்டு இலவம்பஞ்சுத் தலகாணிய பஸ்ஸுல கக்கத்துல வச்சிக்கிட்டு வந்து அந்தக் கடையில போட்டுச்சி. கடைக்காரர் ஸ்டேரிங்குல ஒக்காந்தாரு. நான் டிவிக்குப் பக்கவாட்டுல தலகாணி மேல நின்னேன், கையில பழைய டிக்கெட் கட்டு. கண்ணோரமா ரோடு ஓடுது, கால்ல தலகாணி நழுவுது, எதிர்ல பொண்டாட்டி.

"ஒரு சித்தேரி குடுங்க."

"சில்லறையாக் குடும்மா."

"நோட்டுத்தான் இருக்கு. கண்டக்டர் மொகரையப் பாத்தாலே சில்லற தர்ற ஆளாத் தெரியல."

"எறங்கி நட."

"வண்டி ஓடுது, எப்படி எறங்கறது? டிரைவர் அண்ணே, வண்டிய நிறுத்துங்க, இவரு மரியாத இல்லாமப் பேசறாரு."

கடைக்காரர் திரும்பிப் பாத்தாரு, காரு வெடிச்சிது. "அம்மா, டிரைவர்கிட்டப் பேசக் கூடாது"ன்னாரு பாவமா.

மொத நாள் என் வூட்டுக்காரி தோளப் புடிச்சிக்கிட்டேதான் நின்னேன். அடுத்தடுத்த நாள்ல விட்டுட்டேன். கேம் ஆட வந்த காலேஜ் பசங்க வேடிக்க பாத்தாங்க, அப்புறம் அவங்களே வரிசையில வந்தாங்க. பென்னாகரம் ஒண்ணு, பாலக்கோடு ரெண்டு, ஒருத்தன் டில்லி கேட்டான். ஒருத்தன் டிக்கெட் எடுக்காமத் தூங்கற மாதிரி நடிச்சான், அவன எழுப்பி சண்ட போட்டேன். சண்டயில தல சுத்தறத மறந்துட்டேன். மறந்தது ஞாபகம் வந்ததும் திருப்பியும் சுத்துச்சி. வூட்டுக்காரி, "நெனைக்காதீங்க, டிக்கெட்டப் பாருங்க"ன்னு அதட்டுச்சி. கடைக்காரருக்கு யாவாரம் ஓஹோன்னு போச்சி, அவரு என்னை பேஷண்ட்டுன்னு சொல்றத விட்டுட்டாரு.

முதலாளி சொன்ன நாள் வந்துச்சி. வெள்ள வேட்டி சட்டையில வந்து டிரைவருக்குப் பின்னால மொத சீட்டுல ஒக்காந்தாரு, தன் முதுகக் கண்ணாடியில பாக்கற மாதிரி அடிக்கடி திரும்பி என்னைப் பாத்தாரு. எனக்கு உள்ளங்கை வேர்த்து டிக்கெட் ஒட்டிக்கிச்சி. விசில ஊதுனா காத்துதான் வந்துச்சி.

அடிவாரம் வந்துச்சி. நான் பக்கவாட்டுல நின்னேன். ஜன்னல்ல மல ஓடுது. கை, மொகம், கை. வளைவு. உள்ளுக்குள்ள ஏதோ வழுக்குச்சி. சுத்தல் போயிருச்சின்னு நெனச்சிருந்தேன், போகல, வந்துச்சி. ஆனா இப்ப எனக்கு அதத் தெரியும், எந்தப் பக்கம் இழுக்கும், எப்ப விடும்னு. அது இழுக்கறதுக்குள்ள இடுப்ப சீட்டுல சாத்திட்டேன். ஒரு சாமை மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டேன், ரெண்டு பேருக்கு மீதிச் சில்லற குடுத்தேன். அடுத்த வளைவு. கை, மொகம், கை. கம்பிய நான் பாக்கவே இல்ல.

பாதி மலையில, பின்னால டிக்கெட் போட்டுட்டு முன்னால வந்து பாத்தா, முதலாளி தல ஜன்னலுக்கு வெளிய இருக்கு. மனுசன் இத்தன வருசத்துல தன் வண்டியில மல ஏறுனதே இல்ல போலருக்கு. வெள்ளச் சட்டையெல்லாம் நாசம். டிரைவர் அண்ணன் வேகத்தக் கொறைச்சாரு. நான் முதலாளி தலையப் புடிச்சிக்கிட்டேன், வளைவு வந்தப்ப ரெண்டு பேத்துக்கும் சேத்து சாஞ்சேன். அவரு கண்ணு சொருகிப் போயி, "நீ எப்பிடிய்யா நிக்கற?"ன்னாரு. வாயத் தொடைச்சிட்டு, "நாளையில இருந்து வந்துரு. அந்தப் பையன வேற வண்டிக்கு மாத்திக்கறேன்"ன்னாரு. அதுக்குள்ள அடுத்த வளைவு வந்துருச்சி, மறுபடி ஜன்னல்.

சித்தேரியில வண்டி நின்னுச்சி. முதலாளிய ஒரு மரத்தடியில ஒக்கார வச்சிட்டு, டிரைவர் அண்ணன் டீ குடிக்கப் போனாரு. எனக்கு வேல திரும்பக் கெடச்சிருச்சி. நெஞ்சு நெறஞ்சி, ஜம்முன்னு படியில இருந்து தரையில கால வச்சேன்.

தர ஆடுச்சி.

வண்டி ஓடறப்ப கல்லு மாதிரி நின்ன ஆளு, அசையாத மண்ணுல தென்ன மட்ட மாதிரி ஆடறேன். மரம் ஒரு பக்கம் போவுது, டீக்கடை ஒரு பக்கம் போவுது. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி படியப் புடிச்சி மறுபடி வண்டியில ஏறிட்டேன். வண்டியும் நிக்குதுல்ல, அங்கயும் அதே கததான். சீட்டுல ஒக்காந்தேன், எழுந்தேன். பின்னால வரைக்கும் நடந்தேன், முன்னால வந்தேன். காலு சும்மா இருக்கல. நேரமாவறதுக்கு முன்னாடியே விசில எடுத்து ஊதிட்டேன்.

டிரைவர் அண்ணன் டீ கிளாஸோட திரும்பிப் பாத்தாரு. "இன்னும் டைம் ஆவலப்பா."

"எடுங்கண்ணே."

"ஆளே ஏறல. முதலாளிக்கு இன்னும் தெளியல."

"அவர நான் ஏத்திக்கறேன். நீங்க வண்டிய எடுங்கண்ணே."